தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா, டீச்சர்? – ஏற்காடு மலையில் ஒரு முதல் வகுப்பும் ஒரு காது மெஷினும்

ஏற்காடு மலையில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் ஒரு கல்வியாண்டு முழுக்க நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். இரண்டு காதிலும் செவித்துணைக் கருவி அணிந்த ஒரு சிறுமி, அவளோடு படிக்கும் பிள்ளைகள், அவர்களின் வகுப்பாசிரியை ஆகியோரைப் பற்றியது இது. அவர்களையோ பள்ளியையோ அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் சிறப்பாசிரியை என்ற முறையில் அந்த வகுப்புக்குப் போய்வந்தவள் நான். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் “பாவம், அன்பாக இருங்கள்” என்று சொல்வதைவிட, அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது பல மடங்கு பயன் தரும். இந்த வகுப்பில் அதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

பின்னணி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்து, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பிரியும் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் அந்தப் பள்ளி வரும். பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டில் பேசுவது தமிழ்தான். பெற்றோர் காப்பித் தோட்டத்திலும் மிளகுத் தோட்டத்திலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வகுப்பறைக்குத் தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் எதிரே நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

சிறுமிக்குப் பிறவியிலேயே செவித்திறன் குறைபாடு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 70 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தவர்களைக் காது கேளாதோர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை குறைந்தவர்களைச் செவித்திறன் குன்றியோர் என்றும் பிரிக்கிறது. இவள் முதல் பிரிவில் வருகிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததை வீட்டில் கவனித்திருக்கிறார்கள். ஆனால் பிடிவாதக்காரப் பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். மூன்று வயது தாண்டிய பிறகு அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுதான் சேலத்துக்கு அழைத்துப் போகச் சொன்னது. மொழியை அள்ளிக்கொள்ள வேண்டிய ஆண்டுகள் அதற்குள் ஓடிவிட்டன. பள்ளியில் சேர்ந்தபோது அவளிடம் இருந்தவை சில சொற்கள்தான்: அம்மா, தா, வா, சோறு, நாய், மழை.

காதுக்குப் பின்னால் வளைந்து உட்காரும் சிறிய கருவி அது. வெளிச் சத்தத்தை வாங்க ஒரு மைக், அதைப் பெருக்க உள்ளே ஒரு சில்லு, வெளியே அனுப்ப ஒரு சிறு ஒலிபெருக்கி, இவற்றுக்கெல்லாம் ஒரு பட்டன் பேட்டரி. பெருகிய சத்தம் மெல்லிய குழாய் வழியாக, காதின் அளவுக்கே அச்செடுத்துச் செய்த மென்மையான துண்டுக்குப் போய்க் காதுக்குள் இறங்கும். வீட்டிலும் ஊரிலும் அதற்குப் பெயர் காது மெஷின்.

‘பாட்டு வரவே இல்லை’

வகுப்பாசிரியை மனம் கனிந்தவர். சிறுமி வந்த முதல் நாளே மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “அதைத் தொடக் கூடாது, அதைப் பற்றி அவளிடம் கேட்கவும் கூடாது, பாவம்” என்று சொல்லிவிட்டார். பிள்ளையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அந்த நிலையில் பெரும்பாலான ஆசிரியர்கள் அதையேதான் சொல்வார்கள்.

பிள்ளைகள் அந்தப் பேச்சைத் தங்களுக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டார்கள். தொடக் கூடாது என்றால் தொட்டால் ஏதோ ஆகும். கேட்கக் கூடாது என்றால் அது வெளியே சொல்ல முடியாத ஏதோ கெட்டது. பாயில் அவளைச் சுற்றி இடம் விழ ஆரம்பித்தது. வட்டமாக நின்று கை கோக்கும் விளையாட்டில் அவள் பக்கத்துக் கை மட்டும் பின்னால் ஒளிந்துகொண்டது. ஒரு பையன் அவள் கருவிக்கு அருகே வாயை வைத்து முழுத் தொண்டையில் கத்திப் பார்த்தான். அவள் துடித்து அழுதாள். செவிடு என்றால் சத்தமே கேட்காது என்று அவன் நினைத்திருந்தான். அந்தக் கருவி அவன் கத்தலை இன்னும் பெரிதாக்கும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காது மெஷினைக் காணவில்லை. புழுதி அடைத்ததால் கழற்றி ஜன்னல் ஓரம் வைத்திருந்தது. பள்ளி முழுக்கத் தேடினார்கள். சாயங்காலம் அது இன்னொரு பையனின் பென்சில் டப்பாவில் கிடைத்தது. வகுப்பாசிரியை அடிக்க ஓங்கிய கையைப் பையனின் பதில் நிறுத்தியது: “பாட்டு வரவே இல்லை, டீச்சர்.”

அவன் சித்தப்பா செல்போனில் பாட்டுக் கேட்கக் காதில் மாட்டிக்கொள்வாராம். இதுவும் அந்த மாதிரிதான், அவளுக்கு மட்டும் நாள் முழுக்கப் பாட்டு கேட்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவன் நம்பியிருக்கிறான். திருட்டுப் புத்தி அவனிடம் இல்லை. கேட்கக் கூடாது என்று அடைத்துவைத்த கேள்விக்கு அவனே பதில் தேடப் போயிருக்கிறான், அவ்வளவுதான். வகுப்பாசிரியை அன்று அவனைத் தண்டிக்கவில்லை. “இவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடலாம், வாருங்கள்” என்று என்னை அழைத்தார்.

கரும்பலகையில் எழுதிய கேள்விகள்

முதலில் அனுமதி வாங்கினோம். அம்மாவிடம் பேசுவது எளிதாக இருந்தது. சிறுமியிடம் படம் வரைந்தும் சைகையாலும் கேட்டோம்: உன் மெஷினைப் பற்றி எல்லோருக்கும் சொல்லட்டுமா? உன்னுடையதைக் கழற்ற வேண்டாம், டீச்சரிடம் வேறு ஒன்று இருக்கிறது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பையிலிருந்து பேட்டரி அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். அதைத்தான் காட்ட வேண்டும் என்பது அவள் முடிவு. இந்த அனுமதியை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்தி “இதோ பாருங்கள்” என்று பாடம் நடத்துவது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும் காட்சிப்பொருள் ஆக்குவதுதான். அவள் உடலின் ஒரு பகுதிபோல் இருக்கும் பொருளைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்விகளைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல வகுப்பாசிரியை கரும்பலகையில் எழுதினார். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா? தூங்கும்போதும் போட்டிருப்பாளா? குளிக்கும்போது? வலிக்குமா? மெஷின் போட்டும் ஏன் எங்களைப் போலப் பேசவில்லை? கடைசியாக ஒரு சிறுமி மெதுவாகக் கேட்டாள்: “அவள் என்ன தப்பு செய்தாள்?”

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பெரியவர்கள் அதிர்ந்துபோக வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் கெட்டது நடந்தால் அதற்குப் பின்னால் ஒரு தவறும் தண்டனையும் இருப்பதாக நம்புவது வளர்ச்சியின் ஒரு கட்டம் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே 1930-களிலேயே விளக்கியிருக்கிறார். வீட்டில் பெரியவர்கள் பேசுவதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. “அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று வாயை அடைத்தால் அந்த நம்பிக்கை அப்படியே கெட்டியாகிவிடும்.

பதில்களைச் சுருக்கமாகவும் உண்மையாகவும் வைத்துக்கொண்டோம். ஒட்டாது, சளி, காய்ச்சல், அம்மை ஒட்டும், காது கேளாமை ஒட்டாது. தூங்கும்போதும் குளிக்கும்போதும் கழற்றிவிடுவாள், தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். அளவு சரியாக இருந்தால் வலிக்காது. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவள் அம்மாவும் செய்யவில்லை. அம்மா வயிற்றில் இருக்கும்போதே அவள் காதின் உள்பகுதி சரியாக வளரவில்லை.

இருப்பதிலேயே கடினமான கேள்வி, மெஷின் போட்டும் ஏன் பேசவில்லை என்பது. வகுப்பாசிரியை மூக்குக்கண்ணாடி அணிபவர். அவர் அதைக் கழற்றிக் காட்டி, “இது இல்லாவிட்டால் உங்கள் நோட்டு எனக்குத் தெரியாது, போட்டால் நன்றாகத் தெரியும்” என்றார். காது மெஷின் அந்த அளவுக்குச் சரிசெய்வதில்லை. உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் நுண்மயிர் உயிரணுக்கள் பழுதாகியிருந்தால், சத்தத்தைப் பெரிதாக்கலாமே தவிர முழுத் தெளிவைத் திருப்பித் தர முடியாது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கேட்கவைப்பது நல்லது என்று நினைத்தோம்.

என்னிடம் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய கருவியும், கருவியின் ஒலியைச் சோதிக்கச் செவித்திறன் நிபுணர்கள் வைத்துக்கொள்ளும் டாக்டர் குழாய் போன்ற ஒன்றும் உண்டு. ஒலியை மிகக் குறைவாக வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் சில நொடி மட்டும் கேட்கவிட்டோம். (இதை மற்ற ஆசிரியர்கள் செய்வதானால் ஒலி அளவில் மிகுந்த கவனம் தேவை. சக்தி வாய்ந்த கருவியின் முழுச் சத்தம் நன்றாகக் கேட்கும் காதைப் பாதித்துவிடும். ஒரு மாணவி அணிந்திருக்கும் கருவியை இன்னொருவர் காதில் வைக்கவே கூடாது.) வெளியே தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. குழாயைக் காதில் வைத்த பையன் உடனே பிடுங்கிவிட்டான். “டீச்சர், மழைதான் பேசுகிறது. உங்கள் குரலைக் காணோம்.”

அவன் கண்டது சரியான கண்டுபிடிப்பு. கருவிக்கு டீச்சர் குரல், மழை, பெஞ்சு இழுபடும் சத்தம், தும்மல் எல்லாம் ஒன்றுதான், எல்லாவற்றையும் பெருக்கும். புதிய டிஜிட்டல் கருவிகள் ஓரளவு இரைச்சலைக் குறைக்கின்றன என்றாலும் தகரக் கூரை மழைக்கு அவையும் ஈடுகொடுக்க முடியாது. அன்றிலிருந்து அவள் காதருகே யாரும் கத்தவில்லை.

அடுத்து உதட்டைப் படிக்கும் விளையாட்டு. வகுப்பாசிரியை குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஒரு சொல் சொன்னார். பாதி வகுப்பு “பாடு” என்றது, பாதி “மாடு” என்றது. அடுத்தது படமா, மடமா என்று சண்டையே வந்துவிட்டது. பகரமும் மகரமும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். பிறகு மாட்டுப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதே உதட்டசைவைச் செய்தபோது எல்லோரும் ஒரே குரலில் மாடு என்றார்கள். அந்த விளையாட்டில் எல்லோருக்கும் முன்னால் சரியாகச் சொன்னவள் அந்தச் சிறுமிதான். உதட்டைப் பார்ப்பது அவளுக்கு அன்றாட வேலை. ஏதோ ஒன்றில் அவள் தங்களைவிடக் கெட்டிக்காரி என்று பிள்ளைகள் பார்த்தது அதுவே முதல் முறை. முகத்தை மறைத்துக்கொண்டோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டோ பேசினால் அவளுக்கு எதுவும் போய்ச் சேராது என்பது வகுப்பாசிரியைக்கும் அன்றுதான் முழுதாக உறைத்ததாகச் சொன்னார்.

கண்ணைக் கட்டி நடக்கவிடும் பயிற்சி

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள். பல பள்ளிகளில் அன்று பிள்ளைகளின் கண்ணைக் கட்டி நடக்கவிடுவதும், காதில் பஞ்சு அடைப்பதும் வழக்கம். இந்தப் பள்ளியிலும் அந்த யோசனை வந்தது. வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சில நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டவருக்குக் கிடைப்பது திடீரென்று பார்வை போனவரின் பயம். ஊன்றுகோல் தட்டி நடக்கவும் புள்ளியெழுத்து படிக்கவும் ஆண்டுக்கணக்கில் பழகியவரின் வாழ்க்கை அதில் எங்கும் வராது. அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டியது: இத்தகைய பாவனைப் பயிற்சிகளுக்குப் பிறகு மாணவர்களிடம் பரிதாபமும் தங்களுக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற கலக்கமும் கூடின, பழகும் விருப்பம் கூடவில்லை. கருவியின் ஒலியைக் கேட்டுப் பார்ப்பது வேறு, குறைபாட்டை நடித்துப் பார்ப்பது வேறு. முதலாவது அறிவைத் தருகிறது. இரண்டாவது சின்னப் பிள்ளைகளுக்கு வெறும் அச்சத்தையே தருகிறது.

அதற்குப் பதிலாக, ஊரில் பார்க்கும் கருவிகளை எல்லாம் பிள்ளைகளையே சொல்லச் சொன்னோம். தாத்தாவின் கைத்தடி, கடைக்காரரின் மூன்று சக்கர வண்டி, சந்தையில் ஒருவர் காலுக்குத் தாங்கலாக அணிந்திருந்த காலிப்பர், அப்பாவின் கண்ணாடி. ஒருவன் மிளகு ஏணி என்றான். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியில் பறிக்கச் சாத்தும் ஒற்றை மூங்கில் ஏணி அது. சிரித்தவர்களை அடக்கிவிட்டு வகுப்பாசிரியை அதையும் பலகையில் எழுதினார். கை எட்டாத இடத்துக்கு ஏணி, காது எட்டாத சத்தத்துக்கு மெஷின். முதல் வகுப்புக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றியும் பேசினோம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் சிதைந்தவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார், பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிசில் வெண்கலம். சுவரில் 1.89 மீட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டபோது அது வகுப்பாசிரியையின் தலைக்கும் மேலே போனது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். நம் ஊர்க்காரரின் பெருமை பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதக்கம் வாங்கினால்தான் மதிப்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வகுப்புத் தோழிக்குப் பாயில் இடம் கிடைக்க அவள் எதையும் சாதித்துக் காட்ட வேண்டியதில்லை.

உதவி அளவு மீறியபோது

பயம் போன இடத்தில் வேறொரு சிக்கல் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் அவளுக்கு உதவ ஆரம்பித்துவிட்டார்கள். காலை உணவுத் தட்டை ஒருத்தி வாங்கி வருவாள், இன்னொருத்தி கழுவுவாள். டீச்சர் அவளிடம் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவள் பதில் சொல்லிவிடுவாள். அவள் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. மொழி வளர வேண்டிய பிள்ளைக்கு இது ஒதுக்கிவைப்பதைவிடக் குறைந்த கேடு அல்ல.

வகுப்பாசிரியை இரண்டு விதிகள் வைத்தார். உதவுவதற்கு முன் “வேண்டுமா?” என்று கேட்க வேண்டும், அவள் பதில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். கேட்கும் முறையையும் பழக்கினார்: தோளை லேசாகத் தொடு, அவள் திரும்பும் வரை நில், முகத்தைக் காட்டிப் பேசு. கூடவே அவளுக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்தார். நோட்டுகளைப் பெயர் பார்த்து விநியோகிப்பது அவள் வேலை. வெவ்வேறு குழுக்கள் நெருங்கிப் பழகினால் மட்டும் மனத்தடை குறையாது. சம நிலையில், ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைத்து, மேலே இருப்பவரும் அதை ஆதரிக்க வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்னது இந்தச் சின்ன வகுப்பறைக்கும் பொருந்தியது. எப்போதும் உதவி வாங்கிக்கொண்டே இருப்பவளுக்குச் சம நிலை ஏது?

பேட்டரி விஷயத்தில் பிள்ளைகள் காட்டிய அக்கறை எதிர்பாராத பயன். துத்தநாக-காற்று பேட்டரி அது. நீல ஒட்டுத்தாளை உரித்துச் சற்று நேரம் விட்டால் துளை வழியே காற்று புகுந்து மின்சாரம் உண்டாகும். “காற்று குடிக்கிற பேட்டரி” என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை வாயில் போடக் கூடாது, யாராவது விழுங்கிவிட்டால் உடனே டீச்சரிடம் ஓடி வர வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தோம். மலையின் பனிமூட்டக் காலத்தில் குழாய்க்குள் நீர்த்துளி கட்டிச் சத்தம் அடைபடும். வெளிக்குளிரும் காதுச் சூடும் சேர்வதால் அப்படி ஆகிறது. அவள் தலையைச் சாய்த்துக் காதைத் தட்டினால் போதும், யாராவது ஒருவர் அலமாரியிலிருந்து ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவை எடுத்துவந்துவிடுவார்கள். கழற்றி ஊதித் துடைப்பது மட்டும் டீச்சரின் வேலை.

வீட்டில்

சாமி குத்தம் என்ற பேச்சு பெரும்பாலும் வீட்டிலிருந்து வருவது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை நேராகவே எடுத்தோம். மரபணு, கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா, பிறந்தவுடன் வரும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணங்களை விளக்கினோம். யாரையும் பழிக்கவில்லை. ஒரு பாட்டி எழுந்து, “டீச்சரம்மா, என் பேத்தி வீட்டுக்கு வந்து எனக்கே சொல்லிவிட்டாள், அது ஒட்டாதாம். பேசும்போது மூஞ்சியைக் காட்டிப் பேசு என்கிறாள்” என்றார். அந்தப் பாட்டிக்கே காது மந்தமாகத்தான் இருந்தது. அவரைச் சேலத்தில் காட்டச் சொல்லி எழுதிக்கொடுத்தோம்.

இன்னும் தீராதவை

ஆண்டு முடிவில் சிறுமி இரண்டு, மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாள். வாசிப்பில் வகுப்புக்குப் பின்னால்தான் இருக்கிறாள். முறையான பேச்சுப் பயிற்சி போதவில்லை. வகுப்புத் தோழர்கள் எவ்வளவு நல்லவர்களாக ஆனாலும் பயிற்சிக்கு அது மாற்றாகாது என்பதை இந்த இடத்தில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் தடுப்பு போட்டுத் தரக் கேட்டிருக்கிறோம். மழைக் காலத்தில் அவளுக்கு எழுத்தும் படமும்தான் பாடம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று 2016 சட்டத்தின் 39-ஆம் பிரிவு கூறுகிறது. அது முதல் வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும், ஒரு நல்ல ஆசிரியை அமைந்தால்தான் நடக்கும் என்று இருக்கக் கூடாது.

அவசரமாகத் தீர்க்க வேண்டியது காது அச்சு, அதாவது காதுக்குள் இறங்கும் அந்த மென்மையான துண்டு. வளரும் பிள்ளைக்குக் காதும் வளரும், அச்சு தளரும். தளர்ந்த இடைவெளி வழியே வெளியேறும் சத்தத்தை மைக் மறுபடியும் வாங்கிப் பெருக்குவதால் ‘கீ’ என்று விசில் அடிக்கும். முன்பு அந்தச் சத்தத்துக்குச் சிரித்த வகுப்பு இப்போது, “டீச்சர், அவள் காது வளர்ந்துவிட்டது, புது அச்சு வேண்டும்” என்று சொல்கிறது. பிள்ளைகள் சொல்வது சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் அச்செடுக்க ஒரு நாள், வாங்கிவர ஒரு நாள் என்று அம்மா கூலியை விட்டுவிட்டுச் சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பஸ் செலவுக்கும் போன கூலிக்கும் அதில் வழி இல்லை. மலைமேல் நடக்கும் மருத்துவ முகாமிலேயே அச்செடுத்து, தயாரானதும் பள்ளிக்கே அனுப்பிவைக்க வேண்டும் என்று கல்வித் துறையின் வட்டார வள மையம் வழியாக எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் மறுபடியும் நினைவூட்டுவோம்.